கோயில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு: என்ன சொல்லித் தருவார்கள்?

குடமுருட்டிக் கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், பூண்டி மாதா கோயிலுக்குப் போகிற வழி. மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். கொஞ்ச நாளாக வீட்டில் இதே பேச்சுதான்.

ஊரில் பங்குக் கோயிலை, அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோயிலை ஒட்டி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளி இருக்கிறது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், நாத்தனார் எல்லாரும் ஐந்தாவது வரை அங்கே படித்தவர்கள்தான். மாமனாருக்கு வேறு யோசனையே இல்லை. "நம்ம புள்ளைங்க கையெழுத்தப் பாரும்மா, அந்தப் பள்ளிக்கூடம் போட்டுவிட்ட எழுத்து" என்பார். நாத்தனார் தஞ்சாவூரில் இருக்கிறார், பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளியில் போட்டிருக்கிறார். "அந்தக் காலத்துக்கு அது சரி, இப்ப சரிப்படாது அண்ணி" என்கிறார். எங்கள் தெருமுனைக்கும் ஒரு பள்ளி வேன் வருகிறது. காலை ஏழே கால் மணிக்கு ஏறினால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் இறங்கும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் கூட கடன் வாங்கி அந்த வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறார்கள்.

நாங்கள் இந்துக் குடும்பம். மாதா கோயில் திருவிழாவுக்குப் போவோம், வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு போயிருக்கிறோம். அதில் எங்களுக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் தினமும் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டுதானே சேர்க்க வேண்டும்? மறைக்கல்வி என்று கிறிஸ்தவ மதபாட வகுப்பு ஒன்று உண்டாம். என் மகளும் அதில் உட்கார வேண்டுமா? அரசுப் பள்ளியில் உள்ள அதே புத்தகமா, இவர்களுக்கென்று தனிப் பாடத்திட்டம் உண்டா? நேரில் போய்க் கேட்டேன். தலைமையாசிரியை அன்பாகத்தான் பேசினார், ஆனால் "எல்லாம் கவர்மெண்ட் பாடம்தாம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதை வைத்து என்ன முடிவு செய்வது? இரண்டு வகுப்புகளை ஒரே டீச்சர் பார்ப்பதையும் கவனித்தேன். அது மனதில் உறுத்துகிறது.

இப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்கள், பிள்ளையைச் சேர்த்தவர்கள், வேலை பார்த்தவர்கள் யாராவது உள்ளே நடப்பதை விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


சம்பா வயல் எழுதியது:

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அது அரசு நிதியுதவி பெறும் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா? கிராமத்து ஆர்.சி. தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் நிதியுதவிப் பள்ளிகள்தான். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது. புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் உண்டு. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி நிதியுதவிப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் போடுகிறார்கள். குறுவை நடவு நேரத்தில் விடிவதற்குள் வயலுக்குப் போகிற அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எங்கள் தெருவில் கேட்டால் தெரியும். சில பள்ளிகளில் அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவும் நடத்துகிறார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. எந்தப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.


கொள்ளிடம் டீச்சர் எழுதியது:

தங்கச்சி, என் வேலைக்காலம் முழுவதும் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களில்தான் கழிந்தது. கோயில் வளாகத்துக்குள் பள்ளி, தாளாளர் பங்குச் சாமியார், சம்பளம் அரசாங்கத்தினுடையது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். நீங்கள் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புத்தகம் அரசாங்கப் புத்தகம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்றிலிருந்து சூழ்நிலையியல் போய் அறிவியலும் சமூக அறிவியலும் வரும். 2018-19-இல் தொடங்கிப் பாடத்திட்டத்தை மாற்றி எழுதிய புத்தகங்கள் இவை. முப்பருவ முறை என்பதால் ஒரு பருவத்துக்கு உரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். மறைமாவட்டத்துக்கு (ஆயரின் கீழ் இருக்கும் கத்தோலிக்க நிர்வாகத்துக்கு) ஒரு கணக்கு, ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு ஒரு கணக்கு என்று கிடையாது.

அதற்கு மேல் 2022 ஜூனில் ஆரம்பித்த எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் பிள்ளைகள் எழுத்தையே மறந்து வந்தார்கள். அதைச் சரிசெய்ய முதலில் ஒன்று முதல் மூன்று வரைக்கும், அடுத்த வருடம் நான்கு, ஐந்துக்கும் கொண்டுவந்தார்கள். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து உட்கார வைப்போம். மூன்றாம் வகுப்பில் படிக்கிற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால் அது அரும்பில் இருக்கும், அதற்கு அந்த நிலையிலிருந்தே பாடம் நடக்கும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை மலரில் இருக்கலாம். பெற்றோர் இதைக் கேட்டால் "என் புள்ள பின்தங்கிட்டானா" என்று பதறுவார்கள். பதற வேண்டியதே இல்லை. எழுத்துத் தெரியாத பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பாடத்தில் உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுத வைப்பதுதான் ஆபத்து. அந்தப் பிள்ளையின் நோட்டு நிறைந்திருக்கும், வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது.

ஒரே டீச்சர் இரண்டு வகுப்பைப் பார்ப்பது உங்களை உறுத்துகிறது என்றீர்கள். உறுத்த வேண்டியதுதான், நான் அதைப் பூசி மெழுக மாட்டேன். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறைந்துவிடும். ஆசிரியர் குறைந்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் வேனில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பல பள்ளிகள் இப்படித்தான் தேய்ந்தன. ஆனால் சேர்ந்து உட்கார்ந்த வகுப்பு என்பதாலேயே பாடம் நடக்காது என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் அனுமதி கேட்டுக் கணக்கு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள், சொல்கிறேன். 42-இல் 17 போனால் எவ்வளவு என்று டீச்சர் கரும்பலகையில் எழுதி, "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கு" என்று சொல்லி முடித்துவிட்டால், பிள்ளை விடையைச் சரியாகக் கூட எழுதிவிடும். ஆனால் எதைக் கடன் வாங்கினோம் என்று அதற்குத் தெரியாது. நாங்கள் தென்னை ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருப்போம். 42 என்றால் நாலு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு குச்சி கொடு என்று கேட்டால் பிள்ளை கையிலிருக்கும் ரெண்டைப் பார்க்கும், நம் முகத்தைப் பார்க்கும். நாம் ஒன்றும் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே ஒரு கட்டின் நூலை அவிழ்க்கும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழைக் கொடுத்தால் ஐந்து மிச்சம். ஒரு கட்டையும் கொடுத்தால் ரெண்டு கட்டும் ஐந்து குச்சியும், இருபத்தைந்து. அந்த நூலை அவிழ்க்கிற வேலை பிள்ளையின் கையால் நடந்துவிட்டால் ஐந்தாம் வகுப்பு வரை கழித்தலுக்குப் பயமில்லை. ஒரு பக்கம் ஒன்றாம் வகுப்பு புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் மூன்றாம் வகுப்பு இதைச் செய்துகொண்டிருக்கும். ஒரு டீச்சரால் முடியும். முந்தின நாள் சாயங்காலமே பாடக்குறிப்பும் குச்சிக் கட்டும் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழுக்கும் இப்படி ஒன்று பாருங்கள். சொல்வதை எழுதுதல் தினமும் உண்டா என்று கேளுங்கள். வாழை, வாளை, வாலை என்று மூன்றையும் டீச்சர் சரியாக உச்சரித்து, பிள்ளைகள் சரியாக எழுதினால் அந்த வகுப்பு நல்ல வகுப்பு. வாழைத் தோட்டமும் வாளை மீனும் நம் பிள்ளைகள் தினம் பார்ப்பவை, புரிய வைக்கச் சிரமமே இல்லை. அப்புறம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, இன்னும் நடத்தாத பாடத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே ஒப்பித்துவிடும், அதில் எதுவும் தெரியாது. புதுப் பக்கத்தைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்து, என்ன புரிந்தது என்று சொன்னால் உங்கள் மகளைத் தைரியமாகச் சேர்க்கலாம். வாசிக்கவில்லை என்றால் கோயில் பள்ளி என்றாலும், குளிர்சாதன வகுப்பு என்றாலும் யோசியுங்கள்.

இனி மறைக்கல்வி. கால அட்டவணையில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்று இருக்கும் பாடவேளையில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு இருக்கும். நாங்கள் நீதிபோதனை என்றே சொல்வோம். திருக்குறள் கதை, பொய் சொல்லாமை, பெரியவர்களிடம் நடந்துகொள்வது, ஒருவர் பொருளை ஒருவர் எடுக்காமல் இருப்பது, இப்படி. இது பள்ளிக்கூடம் பார்த்துச் செய்யும் தயவு இல்லை, சட்டம். அரசமைப்புச் சட்டம் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளியில் படிக்கும் எவரையும் அவர் சம்மதம் இல்லாமல், சிறுபிள்ளை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் இல்லாமல், மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் நம் பள்ளிக்கூடம். 2024-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் (பிஷப்) பேரவையே தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. பிற மதப் பிள்ளைகள்மேல் கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது, காலைக் கூட்டத்தில் அரசமைப்புச் சட்ட முகப்புரையை வாசிக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் "என் மகளுக்கு நன்னெறி வகுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த நல்ல தலைமையாசிரியரும் முகம் சுளிக்க மாட்டார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைத் திருப்பலிக்கு (பூசைக்கு) கத்தோலிக்கப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போவோம். அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன வேலை தருகிறார்கள் என்றும் கேளுங்கள். சில இடங்களில் சும்மா உட்கார வைத்துவிடுவார்கள். அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். எங்கள் பள்ளியில் அந்த நேரம் நூலக நேரம். புத்தகப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்துவிடுவோம், விருப்பமானதை எடுத்து வாசிக்கலாம்.


கும்பகோணம் அப்பா எழுதியது:

டீச்சர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என் மகன் இரண்டாம் வகுப்பு வரை இப்படி ஒரு பங்குப் பள்ளியில் படித்தான். வேலை மாற்றலால் டவுனுக்கு வந்தபோது ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். கணக்கில் அவனுக்கு எந்தக் கஷ்டமும் வரவில்லை. தமிழில் வகுப்பிலேயே அவன்தான் சரளமாக வாசிப்பவன், அந்த டீச்சரே கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் ஆங்கிலத்தில் மிஸ் சொல்வது எதுவும் புரியாமல் முதல் பருவம் முழுக்கத் திணறினான். வீட்டுக்கு வந்து அழுவான். "தண்ணி குடிக்கணும்னு கேக்கத் தெரியல அப்பா" என்று சொன்ன அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.

பழைய பள்ளியில் ஆங்கிலம் என்றால் எழுத்து, சொல், அதன் தமிழ்ப் பொருள், இவ்வளவுதான். காது கேட்டுப் பழகும் ஆங்கிலம் இல்லை. அது அந்த டீச்சரின் குறை இல்லை, அவரும் அப்படிப் படித்து வந்தவர். எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் இன்றைக்கும் மரியாதைதான். ஆனால் பிள்ளையைச் சேர்க்கும் அம்மா இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறில் ஆங்கில வழிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், அதற்கான வேலையை ஒன்றாம் வகுப்பிலேயே வீட்டில் ஆரம்பித்துவிடுங்கள்.


அன்பியம் நாகை எழுதியது:

நான் எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். குடமுருட்டி அக்காவின் கவலைக்கு நேர் எதிரான கவலை எங்களுக்கு. கத்தோலிக்கக் குடும்பங்களே பிள்ளைகளை வேன் பள்ளிக்கு அனுப்பிவிடுவதால், பங்குப் பள்ளியில் இப்போது பாதிக்கு மேல் மற்ற மதப் பிள்ளைகள். வேனில் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு வார நாளில் மறைக்கல்வியே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிடைக்கிற நேரம்தான். அதிலும் டியூஷன் என்று பாதிப்பேர் வர மாட்டார்கள்.

அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம், சின்னச் செபங்கள், இயேசு பிறந்த கதை. மூன்று, நான்காம் வகுப்பு வாக்கில் புதுநன்மைக்கு, அதாவது பூசையில் முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்குவதற்குத் தயாரிப்பு. பத்துக் கட்டளை, பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்வது எப்படி, நற்கருணை என்றால் என்ன என்று பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும். மந்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பது லேசு. "கூடப் படிக்கிற பையன் பென்சில எடுத்துட்டேன், அதயும் சொல்லணுமா சிஸ்டர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போதுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கிறது. என்னை எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள், நான் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள்.

இதெல்லாம் நம்பிக்கை உள்ள வீட்டுப் பிள்ளைக்கானது. வேறு வீட்டுப் பிள்ளையை இதில் உட்கார வைத்தால் அதற்கும் ஒன்றும் புரியாது, எங்களுக்கும் பாடம் நடத்த முடியாது. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோர்தான் என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965-இல் கல்வி பற்றிய அறிக்கையில் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அது பொருந்துகிற மாதிரிதான் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும், அக்கா. உங்கள் மகளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுடையது.


குடமுருட்டிக் கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்னபடி அனுமதி கேட்டுப் போய் உட்கார்ந்தேன். குச்சிக் கட்டு இல்லை, கம்பியில் மணி கோத்து எண்ணும் ஆணிமணிச் சட்டம் வைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை நடத்தாத பாடத்தை நன்றாகவே வாசித்தது. இன்னொரு பையன் பாதியில் நின்றுவிட்டான். அவனை டீச்சர் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்து வாசிக்க வைத்தார். அதுவே எனக்குப் பிடித்தது.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றன. சில பிள்ளைகள் செபம் சொன்னார்கள், சிலர் சும்மா நின்றார்கள். என் மகள் என்ன செய்ய வேண்டும்? அப்புறம் அங்கே தமிழ் வழி மட்டும்தான் என்கிறார்கள். கும்பகோணம் அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. தமிழ் வழியில் போட்டால் பின்னால் ஏதாவது தடை வருமா?


கொள்ளிடம் டீச்சர் எழுதியது:

மத்தியான மணி மூவேளை செபத்துக்கானது, காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் சொல்லும் செபம் அது. செபம் சொல்கிற பிள்ளை சொல்லும், மற்றப் பிள்ளைகள் அமைதியாக நிற்கும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் மகள் நின்றால் போதும். வீட்டில் சொல்லும் சாமி பாட்டை மனதுக்குள் சொல்லிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் சந்தோஷம்தான். நிற்பதும் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் சொல்லலாம்.

கும்பகோணம் தம்பி எழுதியதைப் படித்து எனக்கும் வருத்தமாக இருந்தது. அவர் சொன்னது முழுக்க உண்மை. நம் பள்ளிகளில் ஆங்கிலம் கண்ணுக்குத்தான் போகிறது, காதுக்குப் போவதில்லை. இதற்கு டீச்சரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தினமும் ஏதாவது ஒரு சின்ன ஆங்கிலப் பாட்டு, ஒரு சின்னக் கதை கேட்க விடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தண்ணீர் வேண்டும், பசிக்கிறது, புரியவில்லை, வெளியே போகலாமா, இந்த நாலையும் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கிவிட்டால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பிள்ளை வாயடைத்து நிற்காது. எழுத்தும் இலக்கணமும் பின்னால் வரும். தமிழில் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்திலும் சீக்கிரம் வாசிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அரைகுறையாகப் பிடித்த பிள்ளைதான் எதிலும் நிற்காமல் தவிக்கும். நான் இதை அடித்துச் சொல்வேன், வகுப்பு வகுப்பாகப் பார்த்தது.

தமிழ் வழியால் தடை வருமா என்று கேட்டீர்கள். உண்மையில் சலுகைதான் வரும். தமிழ்நாட்டு அரசு வேலை நேரடி நியமனத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் என்று 2010-இல் சட்டம் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பட்டம் மட்டும் தமிழில் படித்துவிட்டு அதைக் கேட்க முடியாது. அதாவது நீங்கள் ஜூனில் எடுக்கும் முடிவு அதற்கும் ஆரம்பம். மகள் பெரியவளாகி வேறு வேலைக்குப் போகலாம், இது வேண்டாமலே போகலாம். இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் நிறையப் பேருக்கு இது தெரியாது.

மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஐந்தாவது வரை எங்கே படித்தாள் என்பது அதற்குக் கணக்கில்லை. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பார்ப்பார்கள். நிதியுதவிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் இப்போது சேர்த்துக்கொண்டார்கள். ஆகையால் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது ஆறாம் வகுப்புக்கு எங்கே என்று இன்னொரு முறை உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். இப்போதே அதற்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததில் அந்தப் பையனைப் பற்றி எழுதினீர்களே, அதை உங்கள் மாமனாரிடமும் நாத்தனாரிடமும் சொல்லுங்கள். திணறுகிற பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருகிற டீச்சர் இருக்கிற பள்ளிக்கூடத்தை நான் எளிதில் விட மாட்டேன். ஆனால் ஒன்றாம் வகுப்பை வருகிற வருடம் அவரே எடுக்கிறாரா என்பதைச் சேர்க்கைக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். அவர் ஓய்வு பெறும் வயதா, அந்த இடம் காலியானால் ஆள் போடுவார்களா என்றும் தாளாளரைப் பார்த்துக் கேளுங்கள். நிதியுதவிப் பள்ளியில் ஒரு பணியிடம் காலியானால் ஒப்புதல் வந்து ஆள் வருவதற்குள் பிள்ளைகள் ஒரு வகுப்பைத் தாண்டிவிடும். சாமியாரிடம் தனியாகப் போகாமல் உங்கள் தெருவில் ஜூனில் பிள்ளை சேர்க்கிற நாலைந்து அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து பிள்ளை சேருகிறது என்றால் அவரும் ஆசிரியர் கேட்டு மேலே எழுத வசதியாக இருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் எல்லாம் மே மாதமே எடுத்து வைத்துவிடுங்கள், சேர்க்கை அன்றைக்கு அலைய வேண்டாம்.